மருந்து குடித்த ஆடும் மூன்று சட்டி கேழ்வரகும்

சென்ற மாசி மாதம், 1947இல், திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மூன்று நாள் வேலையாகப் போய் எட்டாம் நாள் திரும்பினேன். ஆடு வளர்ப்பவர்களுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கக் கற்றுத் தருவதுதான் வேலை. இதே வேலைக்கு அந்தப் பக்கம் போக இன்னும் நாலைந்து பேர் தயாராகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வழி, செலவு, தங்குமிடம், நான் செய்த தவறு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். தவறு அது நடந்த இடத்தில் வரும்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கால்நடை வைத்தியம் படித்தவள் அல்ல. பி.ஏ.வில் விலங்கியல். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். புழுவைக் கல்லூரியில் கண்ணாடிக் குப்பிக்குள் பார்த்திருக்கிறேன், உயிருள்ள ஆட்டின் வாயைப் பிடித்துத் திறந்ததில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் நின்று கற்றுக்கொண்டேன். என்னை அனுப்பிய கால்நடைச் சங்கத்தில் வழக்கமாகப் போகிறவருக்கு மலேரியா வந்துவிட்டதால் என் பெயரை எழுதிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆடுகள்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆட்டுக்குப் பின்னால் ஆட்டுக்காரரும் நிலத்துக்காரரும் நிற்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை 6.25க்கு சென்ட்ரலில் ரயில். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டணா. திருத்தணி ஐம்பத்திரண்டு மைல். பெண்கள் பெட்டி நிரம்பிவிட்டதால் பொதுப் பெட்டியில் ஏறினேன். பாதிப் பேர் திருப்பதி போகிறவர்கள், மீதிப் பாதி திருத்தணி மலைக்கு. எதிரில் இருந்த பெரியவர், "நீயும் மலைக்காம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஆட்டுக்குப் புழு மருந்து கொடுக்கப் போகிறேன்" என்றேன். அவர் தன் சோற்று மூட்டையை மெதுவாக என் பக்கத்திலிருந்து நகர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். மணவூர் தாண்டும் வரை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அரக்கோணத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க இருபத்தைந்து நிமிஷம் நிற்கும். முகம் கழுவிக் காபி குடிக்க அதுதான் நல்ல சமயம். திருத்தணி சேரும்போது மணி 9.50.

மருந்தைச் சென்னையிலிருந்து சுமந்து போக வேண்டாம். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், திருத்தணிக் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. அரை ராத்தல், எட்டு அவுன்ஸ், கேட்டேன். கடைக்காரர் நிறுத்துக்கொண்டே, "தென்னைக்கா, வெத்தலக் கொடிக்கா?" என்றார். ஆட்டுக்கு என்றேன்.

"ஆடு இன்னாம்மா பாவம் பண்ணிச்சு?"

அவரிடம் அளவைச் சொன்னேன்: ஒரு அவுன்ஸ் துத்தத்துக்கு ஐந்து பைண்ட் தண்ணீர், பெரிய ஆட்டுக்கு அந்தத் தண்ணீரில் மூன்று அவுன்ஸ், குட்டிக்கு ஒன்று. "அப்போ பொழச்சுக்கும்" என்று சொல்லிப் பொட்டலம் கட்டினார். கரைக்கிற பாத்திரம் மண்சட்டியாகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். இரும்பையும் தகரத்தையும் துத்தம் அரித்துவிடும்.

அங்கிருந்து கனகம்மாசத்திரத்துக்கு எட்டு மைல், பஸ்ஸுக்கு நாலணா. 11.15க்குக் கிளம்ப வேண்டிய பஸ் 12.10க்குக் கிளம்பியது. அது கரி வண்டி. பின்னால் கட்டியிருக்கும் அடுப்பு சூடேறினால்தான் நகரும். "இப்போ போயிடும், இப்போ போயிடும்" என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே அடுப்பின் காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காற்றடித்தார். பின் வரிசையில் உட்காராதீர்கள், புடவை கறுத்துவிடும். சத்திரத்தில் இறங்கும்போது மணி ஒன்றேகால்.

அங்கே என்னை அழைத்துப் போக எல்லம்மா வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவர் முனுசாமிக்கு அறுபத்து நாலு செம்மறி ஆடு. என்னைக் கூப்பிட்டிருந்ததே அவர்கள்தான். பள்ளிக்கூட வாத்தியார் மூலம் கடிதம் எழுதியிருந்தார்கள். இரண்டரை மைல் நடக்கும்போது எல்லம்மா கையை நீட்டி நீட்டிக் கணக்குச் சொன்னாள். கார்த்திகை மழைக்கு அப்புறம் பதினோரு ஆடு போய்விட்டது. தாடைக்குக் கீழே தண்ணீர் பை மாதிரி தொங்கும், கழிச்சல் போகும், மூன்றாம் நாள் படுத்துவிடும்.

"நல்லா மேஞ்சிகினு இருக்கும்மா. மறுநாள் பாத்தா காலை நீட்டிகினு கெடக்கும். கண்ணு பட்டுதுன்னாங்க, மிளகா சுத்திப் போட்டோம். மிளகா தீந்துதே தவிர ஆடு சாவுறது நிக்கல."

ஆடுகள் ஊருக்குக் கிழக்கே, நிலத்துக்காரர் ரெட்டியாரின் வயலில் கிடையில் இருந்தன. கிடை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பு முடிந்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை மூங்கில் தட்டிப் படல் கட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் ஆட்டுக்காரருக்கு நெல் அளப்பார். மாசியில் ஆட்டுக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த நெல்லால்தான். ஒரு வயல் முடிந்ததும் அடுத்தவர் வயலுக்குக் கிடை நகரும்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் படல் ஓரமாகப் பதினைந்து இருபது பேர் கூடினார்கள். வேறு மூன்று மந்தைக்காரர்களும் வந்திருந்தார்கள். ஒரு ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு போல இருந்தது. வயிற்றுக்குள் நூல் மாதிரிப் புழு ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது என்றேன். அதுவரை சரியாகத்தான் போயிற்று. பிறகு கூட்டத்தைப் பார்த்தேன்.  கையில் எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் குனிந்த தலை நிமிராமல் படித்து முடித்துவிட்டேன். அதில் கடைசி வரி இது: "மருந்து கொடுத்த பின் ஆடு புழுக்கை போட்ட இடம் கெட்ட இடம். அங்கே ஒரு மாதம் ஆட்டை மேய்க்கக் கூடாது."

ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்பது எனக்குத் தெரிந்ததால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நான் செய்த தவறு இதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் அறுபத்து நாலு ஆட்டுக்கும் மருந்து கொடுத்தோம். முதல் நாள் மாலையிலிருந்து ஆடுகள் மேயாமல் இருக்க வேண்டும். முனுசாமி ஆட்டைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்தார். எல்லம்மா அளந்து கொடுத்தாள். நான் மூங்கில் குழாயால் வாயோரம் ஊற்றினேன். ஆட்டின் முகத்தை முதுகு மட்டத்துக்கு மேலே தூக்கவே கூடாது, மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். நாலாவது ஆட்டிலேயே எல்லம்மா என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள். "நீ பயந்துகினே ஊத்துறம்மா, அது துப்புது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எல்லாம் முடிந்ததும் முனுசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "மருந்தம்மா, எனக்கும் ஒரு மூணு அவுன்ஸ் இருந்தா குடு" என்றார். அன்றிலிருந்து ஊரில் எனக்கு அதுதான் பெயர்.

புதன்கிழமை மாலை 4.30 பஸ்ஸில் திரும்பலாம் என்று இருந்தேன். செவ்வாய் சாயங்காலமே ரெட்டியார் வரப்பில் வந்து நின்றார். அறுபது வயது, சத்தமாகப் பேசாத மனிதர்.

"முனுசாமி, படலைப் பேத்து எடுத்துகினு போயிடு."

"இன்னா நைனா, இன்னும் ஆறு நாள் கீதே?"

"மருந்தம்மாவே நேத்து படிச்சாங்களே. அந்தப் புழுக்கை வுழுந்த எடம் கெட்ட எடமாம். ஆடே மேயக் கூடாதுன்னா கேவுரு எப்படிப்பா மொளைக்கும்? துத்தம் குடிச்ச ஆடு துத்தமாத்தான் போடும். வெதைக்கிற நெலம் இது."

கேவுரு என்பது அங்கே கேழ்வரகு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். புழு முட்டை, வெயில், உழவு என்று மூன்று வார்த்தை வந்தது, வாக்கியமாக வரவில்லை. ரெட்டியார் பொறுமையாகக் கேட்டார். "நீங்க படிச்சவங்க, தப்பு சொல்ல மாட்டீங்க. அதனாலதான் எடுக்கச் சொல்றேன்" என்றார். என் வார்த்தையை நம்பியதால்தான் அவர் விரட்டினார். 

பொழுது சாய்வதற்குள் மற்ற நிலத்துக்காரர்களும் அதையே சொல்லிவிட்டார்கள்: மருந்து குடித்த மந்தை எங்கள் வயலில் வேண்டாம். மறுநாள் மருந்து கொடுக்க வருவதாக இருந்த மூன்று மந்தைக்காரர்களும் நின்றுவிட்டார்கள். ஆடு செத்தாலும் கிடை இருந்தால் நெல் வரும், கிடையும் போனால் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. முனுசாமிக்கு ஆடுகளை ஓட்டிப்போக இருந்த ஒரே இடம் ஏரி உள்வாய்ப் புறம்போக்கு, ஏரிக்கரைக்கு உட்புறம் உள்ள பொது நிலம். ஈரப் புல். புழுக்குஞ்சு ஏறி உட்காருவதே அந்த மாதிரிப் புல்லில்தான். அங்கே பத்து நாள் மேய்ந்தால் நாங்கள் கொடுத்த மருந்துக்கு அர்த்தமே இல்லை. ஏரிப் புல்லில் பனி காயும்வரை, காலை எட்டு மணிக்கு முன்னால், ஆடுகளை அவிழ்க்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். "அதுவரைக்கும் அதுங்க கத்துறத நீ வந்து கேட்டுகினு இரு" என்றார். முதல் தடவையாகக் கோபமாகப் பேசினார்.

வழி கண்டுபிடித்தது எல்லம்மாதான். நேராக ரெட்டியார் வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் பின்னால், வேலி ஓரம்.

"ரெட்டியாரே, உங்க நெலத்துல கேவுருதானே வெதைக்கப் போறீங்க?"

"ஆங்."

"ஒரு பிடி கேவுரு குடுங்க. இந்தப் புழுக்கையிலயே போட்டுப் பாத்துடலாம். மொளைக்கலன்னா நானே மந்தைய ஓட்டிகினு ஊரத் தாண்டிப் போறேன். மொளைச்சா?"

ரெட்டியார் யோசித்தார். "மொளைச்சா பாக்கலாம்" என்றார். எனக்குக் கல்லூரிப் பரிசோதனைகள் நினைவுக்கு வந்தன. வேலி ஓரத்திலிருந்தே, "இரண்டு சட்டி வேண்டும். மருந்து குடிக்காத ஆட்டுப் புழுக்கை ஒன்றில், குடித்ததன் புழுக்கை ஒன்றில்" என்றேன். ரெட்டியார் உடனே, "வெறும் மண்ணு ஒரு சட்டி. என் வெதை நல்ல வெதையான்னும் தெரியணும் இல்ல?" என்றார். ஆக மூன்று சட்டி. சட்டியும் அவருடையது, விதையும் அவருடையது. தண்ணீரும் தன் கையால்தான் ஊற்றுவேன் என்றார். புழுக்கையை மண்ணோடு சம அளவு கலந்து செவ்வாய் மாலையே விதைத்தோம்.

நான் பள்ளிக்கூடத்து அறையில் தங்கியிருந்தேன். துணைக்கு எல்லம்மா படுத்துக்கொள்வாள். சங்கத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ரேஷன் காலம் ஆகையால் மூன்று நாளைக்கான அரிசிதான் கொண்டுபோயிருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து கேழ்வரகுக் களிதான். முனுசாமி வீட்டிலும் அதுவேதான். கிடை நெல் நின்றுவிட்டதே.

புதன், வியாழன், வெள்ளி: மூன்று சட்டியிலும் ஒன்றும் இல்லை என்று ரெட்டியார் வீட்டிலிருந்து தகவல். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெட்டியாரே எங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினார். மூன்று சட்டியும் வாசலில் வரிசையாக இருந்தன. வெறும் மண் சட்டியில் ஊசி ஊசியாகப் பச்சை. மருந்து குடிக்காத புழுக்கைச் சட்டியில் இன்னும் நெருக்கமாக. மருந்துச் சட்டியில் வெறும் ஈரம்.

 எல்லம்மா சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ரெட்டியார் அதில் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. "நான் இன்னாம்மா பண்றது?" என்றார். முனுசாமி தலைத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்துவிட்டார்.  பயிரைக் கெடுக்கும் அளவுக்குத் துத்தம் அந்தப் புழுக்கையில் மிஞ்சுமா என்று மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மிஞ்சாது. அப்படியானால் ஏன்?

பேசத் தெரியாதவர்களுக்குப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பார்த்தேன். வெறும் மண் சட்டியும் மருந்தில்லாப் புழுக்கைச் சட்டியும் நாலு நாளும் வாசலில், வெயில் விழும் இடத்திலேயே இருந்தவை. அவற்றின் விளிம்பில் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு இருந்தது. மூன்றாவது சட்டியின் விளிம்பில் கோடு இல்லை. வெளிப்புறம் பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. அடியில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இந்தச் சட்டி எங்கே இருந்தது?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"மாட்டுக் கொட்டாயில, மூலையில. மேல கூடையைப் போட்டு மூடி வெச்சிருந்தேன்" என்றார் ரெட்டியார். "கன்னுக்குட்டி மூஞ்சிய வுட்டு நக்கிட்டா? விஷமாச்சே."

எல்லம்மா இடுப்பில் கையை வைத்தாள். "ஏன் ரெட்டியாரே, வயல்லயும் கூடையப் போட்டுத்தான் வெதைப்பீங்களா?"

ரெட்டியார் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "சரி, வெயில்ல வைங்க" என்றார். கன்றுக்குட்டி வராமலிருக்க மூன்று சட்டியையும் கூரையோரத்துப் பந்தல் மேல் வரிசையாக ஏற்றி வைத்தோம். ஈரம் காயாமல் குளிர்ந்து ஊறிக் கிடந்தால் விதை முளைக்காது என்பதால் தண்ணீரும் கொஞ்சம் குறைவாக ஊற்றச் சொன்னேன்.

அப்போதுதான், நாலு பேருக்கு முன்னால், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். புழுக்கையோடு புழுவின் முட்டை விழுகிறது. அது பொரிந்து, குஞ்சு புல்லில் ஏறும். அந்தப் புல்லைத் தின்றால் ஆட்டுக்குக் கெடுதல். பயிருக்கு அதனால் ஒன்றும் இல்லை. உழுது வெயில் காய்ந்தால் முட்டையும் செத்துப்போகும். அதனால் கிடை போட்டு உழுகிற நிலம்தான் ஆட்டுப் புழுக்கைக்குச் சரியான இடம். "இத மொதல் நாளே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார் ரெட்டியார். நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை, சூரியன் பனைமரத்துக்கு மேலே வருவதற்குள், எல்லம்மா பள்ளிக்கூடக் கதவைத் தட்டினாள். "எழுந்திரும்மா, வந்துடுச்சு, வந்துடுச்சு!" நான் செருப்புப் போடாமலே ஓடினேன். ரெட்டியார் ஏணி மேல் நின்று மருந்துச் சட்டியிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளையாத்தான் கீது" என்றார். அந்தச் சட்டி முழுக்கப் பச்சை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 

"முனுசாமி, இன்னிக்குச் சாயங்காலமே மந்தைய ஓட்டிகினு வந்துடு."

முனுசாமி காதைச் சொறிந்தார். "பக்கத்து நெலத்து நாயுடு நேத்தே வந்து கேட்டாரு, நைனா. மொளைச்சா மொதல்ல எனக்குன்னு..."

"எவன் சட்டி? எவன் கேவுரு? எவன் தண்ணி ஊத்தினது? மொதல்ல என் நெலம்! நாயுடு அப்புறம் வரட்டும்!"

எல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். ஒன்பது மணிக்குள் மற்ற மூன்று மந்தைக்காரர்களும் ஆடுகளை மேய விடாமலே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஒரு குழாயைக்கூடத் தொடவில்லை. அளந்ததும் ஊற்றியதும் எல்லம்மா. பகல் ஒன்றரை பஸ்ஸைப் பிடித்து, 3.40 ரயிலில் ஏறி, அரக்கோணம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். சென்ட்ரலில் ஒரு போர்ட்டர்தான் எழுப்பினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பத்து நாளைக்கான அரிசி எடுத்துப் போங்கள், மூன்று நாள் வேலைதான் என்றாலும். மாசியில் காலையில் குளிரும், போர்வை வேண்டும். சத்திரத்திலிருந்து வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்; நடக்க நல்ல செருப்பு வேண்டும். மூன்று வாரம் கழித்து இரண்டாம் தடவை மருந்து கொடுத்தே ஆக வேண்டும், அதற்கும் சேர்த்துத் துத்தம் வாங்கிவிடுங்கள். ஆட்டுக்காரரிடம் பேசுமுன் அவர் யார் நிலத்தில் கிடை போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். அந்த நிலத்துக்காரரையும் கூட்டத்தில் முன்னால் உட்கார வையுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிப்பதானால், "கூடாது" என்று முடிகிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "ஏனென்றால்" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் இரண்டாம் தடவைக்குப் போனேன். ஒன்பது மந்தைகள் காத்திருந்தன. சத்திரத்துக் கடையில் ரெட்டியார் உட்கார்ந்து பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "துத்தம் குடிச்ச ஆட்டுப் புழுக்கைதான் கேவுருக்கு ஒசத்தி. மருந்து குடிக்காத மந்தைய என் நெலத்துல ஏத்தவே மாட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்க, ரெட்டியாரே. இரண்டும் ஒன்றுதான்" என்றேன். கடை முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ரெட்டியாரைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் ஊருக்கு எப்போது வர முடியும் என்று கேட்டார்கள். முனுசாமியின் மந்தையில் அந்த மூன்று வாரத்தில் ஓர் ஆடுகூடச் சாகவில்லை.